மிச்சம் பிடிக்க வேண்டியது வயிற்றில் அல்ல, வட்டியில்!

"சிக்கனமாக இருங்கள், வரவுக்குத் தக்க செலவு செய்யுங்கள்" என்ற உபதேசம் ஏழைகளுக்குப் புதிதல்ல. ராஜபாளையத்தில் பஞ்சாலைத் தொழிலாளி கூலி உயர்வு கேட்டாலும் இதுதான் பதில். ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கத்தில் விவசாயத் தொழிலாளி நாலு ரூபாய் கூடக் கேட்டாலும் இதுதான் பதில். "கொடுப்பதைக் கொண்டு குடும்பம் நடத்தத் தெரியவில்லை" என்று ஒரு பழியும் கூட வரும்.

நாம் சிக்கனத்துக்கு விரோதிகள் அல்ல. உழைத்துச் சம்பாதித்த காசின் அருமை உழைப்பாளிக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் எங்கே மிச்சம் பிடிப்பது? அதில்தான் நமக்கும் உபதேசிகளுக்கும் தகராறு.

ஒரு தொழிலாளி வீட்டுச் செலவைப் பாருங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், அடுப்புக்கு கேஸ் அல்லது விறகு, வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம். இதில் வீண் செலவு எது? இரவு ஷிப்டு முழுவதும் நூல் மிஷின் முன்னால் நடக்கிற பெண்ணும், வெயிலில் கரும்பு வெட்டுகிற ஆணும் சோற்றைக் குறைத்தால் என்ன ஆகும்? உடம்பு குறையும். வேலை நாள் குறையும். வயிற்றில் பிடித்த மிச்சத்தை வைத்தியச் செலவு விழுங்கிவிடும். வீட்டில் முதலில் குறைவது தாயின் சோறு என்பதையும் நாம் அறிவோம்.

எவ்வளவு வேண்டும்?

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று நாட்டில் யாரும் கணக்குப் போடாமல் இல்லை. 1957 ஜூலையில் டில்லியில் 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடியது. சர்க்காரும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். குறைந்தபட்சக் கூலி என்பது தொழிலாளி, மனைவி, இரண்டு குழந்தைகளின் தேவையை நிறைவேற்ற வேண்டும். மனைவி மக்களின் சம்பாத்தியத்தை அதில் சேர்த்துக் காட்டக்கூடாது. குன்னூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் அய்க்ராய்டின் கணக்குப்படி, வேலை செய்கிற ஒருவருக்கு நாளைக்கு 2,700 கலோரி உணவு வேண்டும். துணி, தலைக்கு வருஷம் 18 கஜம், நாலு பேருக்கு 72 கஜம். வீட்டு வாடகை தனி. எரிபொருள், விளக்கு, சில்லறைச் செலவுகளுக்கு மொத்தக் கூலியில் நூற்றுக்கு 20.

1991-ல் சுப்ரீம் கோர்ட் இதோடு இன்னொன்றைச் சேர்த்தது. பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், பண்டிகை, முதுமை, கல்யாணம் ஆகியவற்றுக்காக நூற்றுக்கு 25 கூட்ட வேண்டும் என்றது. அதாவது, பொங்கலுக்குப் புதுத்துணி எடுப்பது ஊதாரித்தனம் அல்ல. அதுவும் கூலியில் அடங்க வேண்டிய தேவை என்று நாட்டின் பெரிய கோர்ட்டே சொல்லியிருக்கிறது.

இந்த அளவுகோலை வைத்து உங்கள் வீட்டை அளந்து பாருங்கள். பற்றாக்குறை உங்கள் கைத்தவறா, கூலியின் குறையா என்பது விளங்கும்.

ஓட்டை எங்கே?

அப்படியானால் நம் பக்கம் செய்வதற்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. நம் வீட்டுப் பானையிலும் ஓட்டைகள் உண்டு. அவற்றில் பெரியது வட்டி.

நூறு நாள் தண்டலை எடுத்துக்கொள்வோம். கடன் 10,000 ரூபாய் என்று பேச்சு. 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "நூற்றுக்குப் பதினைந்துதானே" என்று தோன்றும். அப்படியல்ல. முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. சராசரியாகப் பார்த்தால் நம் கையில் நிற்பது அதில் பாதிப் பணம். அதுவும் மூன்று மாதச் சொச்சம்தான். வருஷக் கணக்குப் போட்டால் வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டுகிறது!

பத்து வட்டி இன்னும் மோசம். 10,000 ரூபாய்க்கு மாதம் 1,000. பன்னிரண்டு மாதத்தில் 12,000 கட்டிய பிறகும் அசல் 10,000 அப்படியே நிற்கும். ஒரு குடும்பம் டீ, வெற்றிலை, சினிமா எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்துவிட முடியுமா?

கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ல் சட்டம் வந்தது. ஆயினும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு பச்சைக் குழந்தைகளோடு தீயில் கருகியதை நாடு பார்த்தது. கடன் வசூல் அடாவடியைத் தடுக்க 2025-ல் சட்டசபை இன்னொரு சட்டம் செய்தது. சட்டம் இருப்பது நல்லது. அதைப் பிரயோகிக்கச் சொல்லி நிற்க ஆள் வேண்டும். வெற்றுப் பத்திரத்திலும் வெற்றுச் செக்கிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டிய பணத்துக்குத் துண்டுச் சீட்டாவது வாங்கி வையுங்கள். நகை இருந்தால் கூட்டுறவுச் சங்கத்திலோ பாங்கியிலோ அடகு வையுங்கள். மிரட்டல் வந்தால் தனியே போகாதீர்கள். தெருவாகச் சேர்ந்து போங்கள்.

இரண்டாவது ஓட்டை, கடைப் பற்று. அன்றன்றைக்குப் பத்து ரூபாய் எண்ணெய், ஐந்து ரூபாய் சீயக்காய்த் தூள் என்று வாங்குகிற ஏழை, மொத்தமாக வாங்குகிற பணக்காரரைவிடக் கூடுதல் விலை கொடுக்கிறார். கடனுக்கு வாங்கினால் விலையும் கேட்க முடியாது, எடையும் கேட்க முடியாது.

மூன்றாவது, குடி. ஆண் தோழர்கள் கோபித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும். 2003 முதல் சர்க்காரே கடை திறந்து சில்லறையாக விற்றுவருகிறது. அந்தக் கொள்கையை எதிர்ப்போம். ஆனால் சனிக்கிழமைச் சம்பளத்தை அந்த வாசலில் கொட்டிவிட்டு வருகிறவன் எந்தக் கூட்டத்தில் நின்று கூலி உயர்வு கேட்பது?

சேர்ந்து வாங்குவோம்

நம் வீடுகளில் இன்று உள்ள பெரிய மிச்சம் எது தெரியுமா? ரேஷன் அரிசிதான். 1997-ல் மத்திய சர்க்கார் ரேஷன்காரர்களை இரண்டாகப் பிரித்தபோது, தமிழ்நாடு எல்லோருக்குமான ரேஷனை விட்டுக்கொடுக்கவில்லை. கிலோ அரிசி 2006 ஜூனில் 2 ரூபாயாகவும், 2008 செப்டம்பரில் 1 ரூபாயாகவும் இறங்கி, 2011 ஜூனில் இலவசமாயிற்று. இது யாரும் தனியாக வாயைக் கட்டிச் சேர்த்த மிச்சமல்ல. ஜனங்கள் அரிசிக்காகக் குரல் கொடுத்ததாலும், அந்தக் குரல் ஓட்டுப் பெட்டியில் கேட்டதாலும் வந்தது. ஆகவே கார்டை அடகு வைக்காதீர்கள். உரிய அளவை முழுக்கக் கேட்டு வாங்குங்கள். எடை குறைந்தால் அங்கேயே கேளுங்கள்.

1844 டிசம்பரில் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற நெசவு ஊரில், நெசவாளர்கள் முதலான 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் பங்கு போட்டு ஒரு கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரைதான் முதல் சரக்கு. கலப்படம் இல்லை, எடைக்குறைவு இல்லை, கடன் இல்லை. லாபம் வாங்கியவர்களுக்கே, வாங்கிய அளவுக்குத் தக்கபடி. அதிலிருந்துதான் உலகமெங்கும் கூட்டுறவுப் பண்டகசாலை வளர்ந்தது. சென்னை திருவல்லிக்கேணியில் 1904-ல் 14 பேர் கூடி ஆரம்பித்த பண்டகசாலையும் இந்த வழியில் வந்ததுதான்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் பக்கத்துப் பால் சங்கத்தைப் பாருங்கள். ஒற்றை மாட்டுக்காரர் தனியாக நின்றால் வியாபாரி சொன்னதுதான் விலை. சங்கமாகப் பால் ஊற்றினால் அவர் குரலுக்கும் எடை உண்டு. விற்பதில் நடந்தது வாங்குவதில் ஏன் நடக்கக்கூடாது? தெருவில் பத்து வீடு சேருங்கள். வாரம் ஒரு தொகை போட்டுவைத்து, மாசி பங்குனியில் புதுப் புளியும் வற்றலும் வருகிறபோது, விருதுநகர் மார்க்கெட்டில் மூட்டையாக எடுத்துப் பங்கிடுங்கள். கணக்கைப் பெண்கள் கையில் கொடுங்கள்.

கணக்கு நோட்டு

கடைசியாக ஒன்று. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கொடுத்து, தினமும் செலவை எழுதச் சொல்லுங்கள். அரிசிக்கு எவ்வளவு, வைத்தியத்துக்கு எவ்வளவு, வட்டிக்கு எவ்வளவு, குடிக்கு எவ்வளவு? மூன்று மாதத்தில் ஓட்டை தெரிந்துவிடும். அதை அடையுங்கள்.

ஆனால் அந்த நோட்டைப் பெட்டியில் பூட்டி வைத்துவிடாதீர்கள். ஓட்டையெல்லாம் அடைத்த பிறகும் பானை நிறையவில்லை என்றால், குறை பானையில் இல்லை. ஊற்றுகிற கை குறைவாக ஊற்றுகிறது. பஞ்சப்படியும் கூலியும் பேசுகிற மேஜையில், நூறு வீட்டு நோட்டுகளைச் சேர்த்து வையுங்கள். "இவர்களுக்குக் குடும்பம் நடத்தத் தெரியவில்லை" என்று சொல்ல அப்போது யாருக்கு நா எழும்?

சிக்கனம் செய்வோம். வட்டிக்காரனுக்கும் சாராயத்துக்கும் போகிற காசில் செய்வோம். பிள்ளைகளின் சோற்றில் ஒருபோதும் செய்ய மாட்டோம்!