மலிவு விலை ரீலோடிங் கருவி: வாங்கலாமா என்பதற்கு முந்தைய கேள்வி

துப்பாக்கி சுடும் விளையாட்டில் ஈடுபட்டுள்ள மாணவர் சிலரிடையே அண்மைக் காலமாக ஒரு கேள்வி வலம் வருகிறது. அமெரிக்கக் காணொளிகளில் காட்டப்படும் மலிவு விலை 'ரீலோடிங்' கருவி ஒன்றை வாங்கிவிட்டால் தோட்டாச் செலவு குறையுமா என்பதே அது. கொல்கத்தாவில் எங்கள் விடுதியில் தங்கியிருக்கும் இளைய ஆய்வாளர் ஒருவர், மொழியியல் படித்தவருக்குச் சட்டப் பிரிவின் வாசகம் விளங்கும் என்ற நம்பிக்கையில், என்னிடமே கேட்டார். வேண்டாம் என்பதே என் விடை. ஆயினும் அதற்கு அவர் எதிர்பார்த்த காரணம் வேறு. நான் சொல்லும் காரணம் வேறு.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தமிழ் நாளிதழ்களில் 'தோட்டா பாய்ந்தது' என்றால் பறந்து சென்ற குண்டு. 'காலித் தோட்டா கண்டெடுக்கப்பட்டது' என்றால் கீழே விழுந்த பித்தளை உறை. ஒரே சொல் முழுமைக்கும் உறுப்புக்கும் வழங்குகிறது. வங்காளிகள் இதனை 'டோட்டா' என்பர். நம் 'தோட்டா'வும் இந்துஸ்தானி வழியே வந்த அதன் உறவுச் சொல்லே. அவர்களிடம் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்த 'கார்த்தூஜ்' என்பதும் உண்டு; பறக்கும் குண்டுக்கோ 'குலி' என்று தனிச்சொல் இருக்கிறது. நம்மிடம் இந்த வேறுபாடு மங்கிவிட்டதால், 'ரீலோடிங்' என்றவுடன் துப்பாக்கியில் தோட்டாவை மீண்டும் செருகுவது என்றே பலர் பொருள்கொள்கின்றனர். இங்கே பேசப்படுவது அதுவன்று. சுட்டபின் எஞ்சிய உறையை மீண்டும் அளவுக்கு அழுத்தி, பழைய கேப்பை அகற்றிப் புதியதைப் பொருத்தி, மருந்தை அளந்திட்டு, மேலே புதிய குண்டை இருத்துவது. சுருங்கச் சொன்னால், ஒரு தோட்டாவைச் செய்வது.

மலிவுக் கருவி மட்டமானதா? அப்படிச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் லீ நிறுவனம் 1950களின் இறுதியிலிருந்தே, சிறு சுத்தியலால் தட்டி வேலைசெய்யும் கைக்கருவியை விற்றுவந்திருக்கிறது. நூறு டாலருக்குள் கிடைக்கும் எளிய நெம்புகோல் பிரஸ்கள், வாரத்துக்குச் சில பத்துத் தோட்டாக்கள் செய்பவருக்குப் போதுமானவையே. பிரஸ்ஸில் சிக்கனம் பிடிக்கலாம். தராசில் பிடிக்கக் கூடாது. வழக்கமான கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்றில் இருக்கும் மருந்து அரை கிராமுக்கும் குறைவு. விரைந்து எரியும் மருந்து உறையின் பாதியைக்கூட நிரப்பாது என்பதால், கவனக்குறைவாக இருமுறை ஊற்றினாலும் வெளியே வழிந்து காட்டிக்கொடுக்காது. மருந்தே இடாமல் விட்டால் அபாயம் வேறு விதமானது: கேப்பின் உந்துதல் மட்டும் குண்டைக் குழலின் நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிடும், அடுத்த முறை விசையை இழுத்தால் குழல் வெடிக்கும். இதை அறிந்தவர்கள் பிரஸ்ஸில் மிச்சப்படுத்திய பணத்தைத் தராசில் போடுவார்கள். காணொளிகள் பெரும்பாலும் பிரஸ்ஸைத்தான் காட்டுகின்றன. தராசுக்கு அவ்வளவு அழகில்லை போலும்.

சேமிப்புக் கணக்கையும் பார்ப்போம். தோட்டாவின் நான்கு உறுப்புகளில் மீண்டும் பயன்படுவது உறை ஒன்றே. கேப்பு, மருந்து, குண்டு ஆகிய மூன்றையும் ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கியாக வேண்டும். இம்மூன்றும் கடையில் தாராளமாகக் கிடைக்கும் நாட்டில்தான் 'வாங்கினால் லாபமா' என்ற கேள்விக்கே பொருள் உண்டு. அமெரிக்க விவாதங்களைப் பார்த்து நாம் இங்கே கணக்குப் போடுவது, மண்ணெண்ணெய் கிடைக்காத ஊரில் எந்த ஸ்டவ் சிக்கனமானது என்று ஆராய்வதற்கு ஒப்பாகும்.

இனி என் இளைய நண்பர் எதிர்பாராத காரணத்துக்கு வருகிறேன். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், பிரிவு 2இல் 'வெடிகலம்' என்னும் சொல்லை வரையறுக்கிறது. அவ்வரையறைக்குள் தோட்டா மட்டுமன்று, அதன் உறுப்புகளும் அதைச் செய்யும் இயந்திரங்களும் அடங்குகின்றன. அகராதியில் எங்கும் காண முடியாத ஆகுபெயர் இது: செய்யும் கருவியே செய்யப்படும் பொருளாகிவிடுகிறது. ஒரு துளி மருந்துகூட வீட்டில் இல்லாமல், வெறும் பிரஸ்ஸையும் அச்சுகளையும் வைத்திருப்பவர் 'வெடிகலம் வைத்திருப்பவர்' என்று வாசிக்கப்படுவதற்குச் சட்டத்தின் சொற்களே இடம் தருகின்றன. வைத்திருப்பதற்கு உரிமம் வேண்டும் என்கிறது பிரிவு 3. செய்வதற்கும் விற்பதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது பிரிவு 5. வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்கு உரிமம் வேண்டும் என்கிறது பிரிவு 10. உரிமமின்றி உற்பத்தி செய்வோர்க்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஏழாண்டுக்குக் குறையாத, ஆயுள்வரை நீளக்கூடிய சிறை. காலி உறையை உயிருள்ள தோட்டாவாக்குவது 'உற்பத்தி' ஆகாது என்று நீதிமன்றத்தில் வாதிடலாம். அந்த வாதத்துக்குத் தன் எதிர்காலத்தைப் பணயம் வைக்கும் மாணவரை நான் ஊக்குவிக்க மாட்டேன். துப்பாக்கிக்கு உரிமம் இருப்பது தோட்டா செய்வதற்கான உரிமமும் ஆகிவிடாது.

இவ்வளவு இறுக்கம் ஏன் என்பதற்கு விடை தேட நான் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. 1914 ஆகஸ்டு 26 அன்று, இந்நகரின் ரோடா நிறுவனத்துக்கு வந்த 202 பெட்டிகளைச் சுங்கத்திலிருந்து எடுத்துவந்த ஊழியர் சிரிஷ் சந்திர மித்ரா, 192 பெட்டிகளை மட்டும் கிடங்கில் சேர்த்தார். மாட்டு வண்டியில் மறைந்துபோன பத்தில் 50 மௌசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. வரலாற்று நூல்கள் துப்பாக்கிகளையே முன்னிறுத்துகின்றன. வகுத்துப் பார்த்தால் ஒரு துப்பாக்கிக்கு 920 தோட்டா வருகிறது. அந்தக் கொள்ளையின் உண்மையான பெறுமதி அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. இதன் மறுபக்கத்தை 1930 ஏப்ரல் 18 காட்டுகிறது. சூரிய சென்னின் தோழர்கள் சிட்டகாங்கில் துணைப்படையின் ஆயுதக்கிடங்கைக் கைப்பற்றினர். துப்பாக்கிகள் கிடைத்தன, அவற்றுக்கான தோட்டாக்கள் கிடைக்கவில்லை. துப்பாக்கியை அடக்குவதைவிடத் தோட்டாவை அடக்குவது எளிது என்பதை ஆட்சியாளர் நன்றாக அறிந்திருந்தனர்.

இதற்கும் முன்னால் 1857 ஜனவரியில், டம்டம்மில், என்ஃபீல்டு தோட்டாவின் உறையில் பூசிய கொழுப்பைப் பற்றிய வதந்தி எழுந்தபோது, சிப்பாய்கள் தாங்கள் விரும்பும் மெழுகையோ எண்ணெயையோ தாங்களே பூசிக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் இசைந்தனர். அச்சலுகை ஐயத்தைத் தீர்க்கவில்லை, வளர்த்தது. அதே டம்டம்மில் 1890களில் பெர்ட்டி-கிளே என்ற அதிகாரி வடிவமைத்த, உடலுக்குள் விரியும் குண்டு, 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனத்தால் போரில் தடைசெய்யப்பட்டது. 'டம்டம்' என்பது ஐரோப்பிய மொழிகளில் பொதுப்பெயரானது அவ்வாறே. மேடு, பீரங்கி மேடை என்று பொருள்படும் பாரசீக 'தம்தமா'விலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் இப்பெயரை இன்று மெட்ரோ அறிவிப்பில் நாள்தோறும் கேட்கிறோம். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வரலாற்றுக் காரணம் இருப்பதாலேயே இன்றைய வரையறை சரியாகிவிடாது. சட்டத்தை இயற்றியவர் மனத்தில் இருந்த இயந்திரம் காசிப்பூரிலும் இச்சாப்பூரிலும் உள்ளவை போன்ற ஆலைகளுக்கு உரியது. மேசை ஓரத்தில் பொருத்தும் கையளவு நெம்புகோலும் அதே சொல்லுக்குள் அடைபட்டுவிட்டது. கைத்தடியையும் லத்தியையும் ஆயுதப் பட்டியலிலிருந்து விலக்கி வைக்கும் அளவுக்கு நுணுக்கம் காட்டிய அதே பிரிவு, இயந்திரத்தின் அளவையோ நோக்கத்தையோ பற்றி எதுவும் பேசவில்லை. உரிமம் பெற்ற ரைபிள் சங்கங்களின் வளாகத்துக்குள், பயிற்சி பெற்றவரின் பொறுப்பில், கணக்கு ஏட்டுடன் மறுநிரப்பலை நடத்த வெளிப்படையான விதி இருக்குமாயின், களிமண் இலக்கைச் சுடும் 12 போர் வீரர்களுக்கேனும் அது பயன்படும். அங்கேயும் மலிவுக் கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐம்பது பேர் பயன்படுத்தும் பொருளை ஒருவரின் சட்டைப்பைக்கு ஏற்ப வாங்குவதில் பொருளில்லை.

என்னிடம் கேட்டவர் சுடுவதோ 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி, அடுத்து.22 ரைபிளுக்கு மாற எண்ணியிருக்கிறார். முன்னதில் உறையும் இல்லை, மருந்தும் இல்லை. ஈயப் பெல்லட் மட்டுமே. பின்னதில் தீப்பற்றும் கலவை உறையின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருப்பதால், ஊசி ஒருமுறை நசுக்கிய உறையை மீண்டும் நிரப்புவது நடைமுறையில் ஆகாத காரியம். கொல்கத்தாவின் ஜாய்தீப் கர்மாகர் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்ற 50 மீட்டர் படுத்த நிலைப் போட்டி அந்த .22 தோட்டாவுக்குரியதே. ஆக, என் நண்பர் இணையத்தில் விலை பார்த்து வைத்திருந்த பிரஸ், சட்டம் அனுமதித்திருந்தாலும் அவருடைய துப்பாக்கிகளில் எதற்கும் பயன்பட்டிருக்காது. அந்தத் தொகைக்கு நல்ல பெல்லட் டின்கள் சில வாங்கி, தம் குழலுக்கு எது பொருந்துகிறது என்று இலக்குத் தாளில் சோதித்துப் பார்க்கும்படி சொன்னேன். 4.5 மில்லிமீட்டர் விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமமும் தேவையில்லை.