லைசென்ஸ் இருந்தா இறக்கிடணுமா?

சில வருஷம் முன்னாடி ஒரு நவம்பர் மாசம். பெரியதாழையில எங்க பெரியப்பா தவறிட்டார். சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம். காலையில சென்னையில இருந்து தூத்துக்குடிக்கு விமானம் பிடிச்சேன். வாகைக்குளம் மேல வந்தா பேய் மழை. ரெண்டு தடவை வட்டம் அடிச்சாங்க. அப்புறம் கேப்டன் மைக்கைப் பிடிச்சு மதுரைக்குப் போறோம்னு சொல்லிட்டார்.

உள்ள ஒரே கூச்சல். "லைசென்ஸ் வாங்கினவன்தானே, இறக்கத் தெரியாதாக்கும்?"னு பின்சீட்டு அண்ணாச்சி எகிறினார். பொய் சொல்ல மாட்டேன், நானும் சேர்ந்துதான் கத்தினேன். மதுரையில டாக்சி பிடிச்சு ஊர் போய்ச் சேர்றப்ப இருட்டிடுச்சு. பெரியப்பா முகத்தைப் பார்க்கலை, கல்லறையில ஈர மண்ணைத்தான் பார்த்தேன்.

இப்ப எதுக்கு இந்தப் பழங்கதைன்னா, கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டுற கோஷ்டி ஒண்ணு இருக்கு (அடியேனும் அதுல ஒரு உறுப்பினர், ஹி ஹி). அதுல ஒரு நண்பர் போன வாரம் சொல்றார்: "சட்டம் சொல்ற அளவு பார்வை இருந்தா இறங்கிடணும். இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங் வச்சுக்கிட்டுத் திரும்பிப் போறவன் திறமை இல்லாதவன்." செம கடுப்பாயிடுச்சு.

அய்யா சாமி, அந்த ரேட்டிங் என்னன்னு முதல்ல பார்ப்போம். வெளிய ஒண்ணும் தெரியாம, முன்னாடி இருக்கிற கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுறதுக்கான தகுதி. நம்ம ஊர்ல அதுக்கு 40 மணி நேரம் கருவிப் பயிற்சி வேணும். அதுல 20 மணி நேரம் வரை சிமுலேட்டர்லயே முடிச்சுக்கலாம். சாதாரண கேட்டகிரி-1 ஐ.எல்.எஸ். முறையில 200 அடி வரை கீழ வரலாம், ஓடுபாதையில 550 மீட்டர் பார்வை இருக்கணும். 200 அடியில ஓடுபாதையோ விளக்கோ கண்ணுல படலைன்னா மறுபடி மேல ஏறிடணும். இது 'இதுக்குக் கீழ போகாதே'ன்னு போட்ட கோடு. அதுவரை கட்டாயம் போயே ஆகணும்னு எந்தச் சட்டப் புத்தகத்துலயும் இல்லை. காத்து, மழை, ஓடுபாதையில தேங்கின தண்ணி, ஓட்டுறவரோட தூக்கம், இதெல்லாம் அந்த 550 மீட்டர்ல அடங்குமா?

இன்னொரு கோஷ்டி நேர் எதிர். "சட்டம் கிடக்கட்டும், கேப்டனோட அனுபவம்தான் பெருசு"ங்கிற ரகம். அவங்களுக்குக் கோழிக்கோட்டைச் சொல்றேன். 2020 ஆகஸ்ட் 7, துபாய்ல இருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 1344. 190 பேர். கேப்டன் விமானப்படையில இருந்தவர், டெஸ்ட் பைலட், 10,000 மணி நேரத்துக்கு மேல பறந்தவர். இதைவிட என்ன அனுபவம் வேணும்? முதல் தடவை இறங்க முடியாம மேல ஏறினாங்க. அவர் பக்கத்து வைப்பர் நின்னு போச்சு. அடுத்து எதிர்ப்பக்கத்து ஓடுபாதை, பின்னால தள்ளுற காத்து. 8,858 அடி ஓடுபாதையில 4,438 அடி தாண்டித்தான் சக்கரம் தொட்டுது. இத்தனைக்கும் துணை விமானி 'கோ அரவுண்ட்'னு சொல்லிட்டார். விதிப்படி அந்த இடத்துல மேல ஏறியே ஆகணும். ஏறலை. 21 உயிர் போச்சு, ரெண்டு விமானிகளும் அதுல அடக்கம்.

2021-ல வந்த விசாரணை அறிக்கை இன்னொண்ணும் சொல்லுது. மறுநாள் காலையில கோழிக்கோட்டுல இருந்து இன்னொரு விமானம் ஓட்ட வேண்டியிருந்தது, அதனால அங்கயே இறங்கிடணும்ங்கிற உந்துதல் கேப்டனுக்கு இருந்திருக்கு. கட்டுப்பாட்டைத் தன் கையில எடுக்கலைன்னு துணை விமானியையும் குறை சொல்லுது. செத்துப் போனவங்களைத் திட்ட மனசு வரலை. ஆனா அன்னைக்கு வாட்ஸ்அப் முழுக்க 'வீர விமானி' கதையாவே ஓடிச்சே, அதுதான் உறுத்துது. அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி, 2010 மே 22, மங்களூர். அங்கயும் துணை விமானி மேல ஏறச் சொன்னார், கேப்டன் இறக்கினார். 166 பேர்ல 8 பேர்தான் பிழைச்சாங்க.

என்னோட கட்சி இதுதான். கேப்டனோட முடிவு சட்டத்தைவிட இறுக்கமா இருக்கலாம், அதைவிடத் தளர்வா இருக்கக் கூடாது. (எஞ்சின்ல தீ, எரிபொருள் காலின்னு நிஜமான ஆபத்து வந்தா கதை வேற. அதுக்குச் சட்டமே இடம் விட்டிருக்கு.) லைசென்சைக் காட்டி இறங்குறவனும் சரி, அனுபவத்தைக் காட்டி இறங்குறவனும் சரி, எனக்கு ஒண்ணுதான்.

கடல்ல இதைத் தனியா சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியப்பா வள்ளம் ஓட்டின காலத்துல, போகலாம்னு வானொலி சொன்ன நாள்லயும் கடல் நிறத்தைப் பார்த்துட்டு வலையைப் போடாமத் திரும்பியிருக்கார். டீசல் காசு போச்சேன்னு கூட வந்தவங்க ஏசுவாங்க. "ஏசிட்டுப் போட்டும்ல, ஏசறதுக்கு ஆளு இருக்குல்லா"ம்பார்.

தூத்துக்குடி ஓடுபாதை அப்ப 1,350 மீட்டர்தான். இப்ப 3,000 மீட்டர் ஆக்கி, 2025 ஜூலையில புது முனையமும் திறந்தாச்சு. இனி அந்தப் பக்கம் பெரிய விமானமா வரும். வரட்டும், சந்தோஷம். ஆனா நவம்பர் மழை அதே மழைதான். அந்த மதுரை கேப்டன் பேர்கூட எனக்குத் தெரியாது. இறங்கும்போது வாசல்ல நின்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் மன்னிப்பு கேட்டுட்டிருந்தார். நான் பதில் சொல்லாம மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன்.