கோட்டைச் சுவரின் நிறம் சாம்பலா?

விளையாட்டைப் பற்றிச் சங்க ஏட்டில் எழுதுவதா என முகம் சுளிக்கும் நண்பர்கள் சிலர் இருக்கக்கூடும். 30 கோடிக்கு மேற்பட்ட படிகள் விற்ற விளையாட்டு வெறும் விளையாட்டாகுமா? அது பள்ளிக்கு வெளியே படிக்கப்படும் ஒரு பாடநூல். பாடநூலில் பிழை கண்டால் சுட்டிக்காட்டுவது மாணவர் கடமை அன்றோ!

மைன்கிராஃப்ட் சுவீடனில் பிறந்து, 2011-இல் முழு வடிவம் பெற்று வெளிவந்தது. கனசதுரக் கட்டிகளை அடுக்கி உலகம் சமைப்பதே அதன் இலக்கணம். ஒவ்வொரு கட்டியின் முகத்திலும் 16-க்கு 16 என 256 புள்ளிகள் கொண்ட சிறு படம் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தப் படங்களை மாற்றிவிட்டால், கட்டிய வீடு கட்டியபடியே இருக்க, உலகம் மட்டும் உடை மாற்றிக்கொள்கிறது. இத்தகைய படத் தொகுப்புகளை முதலில் டெக்ஸ்ச்சர் பேக் என்றார்கள். 2013 முதல் ஒலி முதலியவற்றையும் மாற்ற இடம் தந்து, ரிசோர்ஸ் பேக் என்றார்கள்.

அவற்றுள் இளைஞர் உள்ளத்தை அள்ளியவை இடைக்கால ஐரோப்பாவின் சாயலும் மாயக்கதைச் சுவையும் கலந்தவை. டோக்குகிராஃப்ட், ஜான் ஸ்மித், கான்குவெஸ்ட் என்னும் பெயர்களை நம் விடுதியிலும் கேட்கலாம். 32-க்கு 32 என ஒரு முகத்துக்கு 1,024 புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தீட்டிய பொறுமைக்கு என் வணக்கம். அவர்களுடைய கலையை நான் குறை கூறவில்லை. அவர்கள் நம்பிய வரலாற்றையே கேள்வி கேட்கிறேன்.

இத்தொகுப்புகளில் கோட்டை என்றால் பெரும்பாலும் சாம்பல் நிறம், கல்லில் விரிசல், விரிசலில் பாசி. நேற்றுக் கட்டி முடித்த கோட்டைக்கு எழுநூறு ஆண்டு மூப்பு! இன்று நிற்கும் இடிபாட்டைக் கண்டு, அன்று எழுந்த மாளிகையும் இப்படித்தான் இருந்தது என்று எண்ணுவது, பாட்டியின் முகத்தைக் கண்டு அவர் நரையுடனும் திரையுடனும் பிறந்தார் என்று எண்ணுவதை ஒக்கும்.

உண்மை யாது? லண்டனின் வெள்ளைக் கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். 1240-இல் மூன்றாம் ஹென்றி மன்னர் அதன் சுவர்களுக்கு வெள்ளையடிக்கச் செய்தார். மழைநீர் வழிந்து புது வெள்ளையைக் கெடுக்காதிருக்க, ஈயத் தூம்புகளைத் தரைவரை நீட்டவும் ஆணையிட்டார். வேல்சு நாட்டில் 1283-இல் கட்டத் தொடங்கிய கான்வி கோட்டையின் சுவரில் சுண்ணப்பூச்சின் எச்சம் இன்றும் உண்டு. பிரான்சில் அமியான் பேராலயத்தின் முகப்பை 1990-களில் தூய்மை செய்தபோது, வாயிற் சிலைகளில் பழைய வண்ணத்தின் சுவடுகள் வெளிப்பட்டன. வெண்மையும் வண்ணமும் விளங்கிய காலத்தை நாம் சாம்பலில் புதைத்துவிட்டோம்!

இந்தச் சாம்பல் எங்கிருந்து வந்தது? காற்றும் மழையும் காரையைக் கரைத்தன. அது ஒரு பங்கு. மனிதர் செய்தது மறு பங்கு. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கிறோம் என்று பலர் சுவர்ப்பூச்சைச் சுரண்டி எறிந்தனர். அதை எதிர்த்தே வில்லியம் மாரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புக் கழகத்தை நிறுவினார். மரச்சட்ட வீடுகளில் சட்டங்களுக்குக் கருமை தீட்டும் வழக்கமும் பெரும்பாலும் அந்நூற்றாண்டின் நாகரிகமே. ஆக, ‘இடைக்காலம்’ என்று நாம் பதிவிறக்கிக்கொள்வதில் ஒரு பகுதி விக்டோரியா அரசி காலத்துச் சரக்கு.

“டிராகன் பறக்கும் கற்பனையில் வரலாறு தேடலாமா?” என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. டிராகனை யாரும் மெய்யென்று நம்புவதில்லை. ஆதலால் அது யாரையும் ஏமாற்றுவதில்லை. சாம்பற் சுவரையோ எல்லாரும் நம்புகிறார்கள். கற்பனை என்று தெரிந்த பொய் நமக்கு இன்பம் தரும். உண்மை என்று நம்பப்படும் பொய் நம் அறிவைக் கெடுக்கும்.

ஐரோப்பாவை நேரில் காணாத நமக்கு இந்தத் திரைதான் சன்னல். அது சாம்பலையே காட்டினால், அக்காலத்து மக்கள் அழகறியாதவர், அழுக்கில் வாழ்ந்தவர் என்ற எண்ணம் மெல்ல ஊறிவிடும். முன்னோரைத் தாழ்வாக நினைப்பதற்கு இதைவிட எளிய வழி வேண்டுமா? அவர்கள் எந்நாட்டவராயினும் அது அநீதியே.

பிழையைச் சுட்டினால் திருத்தமும் சொல்ல வேண்டும். கணினிக்கான ஜாவா பதிப்பில் இத்தொகுப்பு ஒரு ஜிப் கோப்புதான். கற்கட்டியின் படத்தை எடுத்துச் சுண்ண வெள்ளை தீட்டி, பழைய பெயரிலேயே வைத்தால் போதும்; கோட்டை வெளுத்துவிடும். ஒரே படம் சுவரெங்கும் திரும்பத் திரும்ப வருமாதலால், ஒரு கறை வைத்தால் நூறு கறை தெரியும். வெறும் வெள்ளை வைத்தால் சுவர் காகிதம்போல் இருக்கும். மெல்லிய நிறவேறுபாடு வேண்டும். நான்கு ஓரமும் பொருந்த வேண்டும். பிறர் தொகுப்பைத் திருத்தி வெளியிடுவதாயின் அவர் இசைவும் வேண்டும்.

தோழர்களே! 256 புள்ளிகள் ஒரு மாலை நேர வேலை. டிராகன் தாராளமாகப் பறக்கட்டும். அது வட்டமிடும் கோட்டை மட்டும், அதைக் கட்டியவர் விரும்பியபடி வெண்மையாக நிற்கட்டும்.