திறமையா, தாளா?

அகதிக் குழந்தை உலகப் பாடகியான கதையைத் தேவ்நாரில் எங்கள் வாசிப்பு வட்டத்திலும் 'மன உறுதியின் வெற்றி' என்றே முடித்தார்கள். இந்த வாசிப்பை மறுக்கிறேன்.

எம்.ஐ.ஏ. எனப்படும் மாதங்கி அருள்பிரகாசம் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போருக்குத் தப்பி 1986இல் தாயுடன் லண்டன் திரும்பியவர். அங்கே அரசுக் குடியிருப்பு, பள்ளி, பிறகு சென்ட்ரல் செயின்ட் மார்டின்ஸ் கலைக் கல்லூரி. 2005இல் 'அருளர்' வெளிவந்தது. 2009இல், வன்னி எரிந்துகொண்டிருந்த மாதங்களில், நம் மும்பைச் சேரியைக் காட்டிய 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக ரகுமானுடன் அவர் பாடிய பாடல் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. திறமை அவருடையதே. அதற்கு நிற்க இடம் கொடுத்தது தாள்.

தமிழக முகாமில் பிறந்த குழந்தைக்கு அந்தத் தாள் எங்கே? 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இயற்றவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையை விட்டுவிட்டது. 2021இல் அகதிகள் முகாம் 'மறுவாழ்வு முகாம்' ஆயிற்று. சொற்களை ஆராய்பவர்கள் இதைக் கொண்டாடலாம், நானும் இகழவில்லை. ஆனால் பெயரோடு குடியுரிமை வரவில்லையே! தணிக்கை நாளன்று முகாமில் தலைகாட்டியாக வேண்டிய இளைஞர், எந்த ஊருக்குக் கச்சேரிக்குப் போவார்?