அழிப்பதற்கு முன் ஒரு சோதனை

சென்ற திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நமது சங்கத்தின் தமிழ் வகுப்பு முடிந்து குழந்தைகள் கலைந்து சென்றபின், அன்பர் ஒருவர் தம் மகளுடன் அலுவலறையில் நமக்காகக் காத்திருந்தார். அவர் கையில் பழைய மடிக்கணினி ஒன்று இருந்தது. இரண்டு நாட்களுக்கு முன் அது விண்டோஸைத் தொடங்க மறுத்துவிட்டது. நீலத் திரையைக் காட்டுவதும், தானே அணைந்து மீண்டும் தொடங்குவதுமாகச் சுழன்றுகொண்டிருந்தது. நேரு பிளேஸில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், உள்ளே இருப்பது எதுவும் மிஞ்சாது. அதைவிடப் புதிய கணினி வாங்குவதே மேல்" என்று அங்கே சொல்லிவிட்டார்களாம்.

புதிய கணினிக்கு ஆகும் செலவு மட்டுமே கவலையாக இருந்திருப்பின் அவர் நம்மைத் தேடி வந்திருக்கமாட்டார். அக்கணினியில் அவருடைய தாயாரின் குரல் இருந்தது. சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து தில்லிக்கு வந்து ஓராண்டு தங்கியிருந்த அம்மூதாட்டியார், பேத்திக்கு இரவுதோறும் சொன்ன கதைகளைக் குடும்பத்தார் கைப்பேசியில் பதிவு செய்து, பின்னர்க் கணினிக்கு மாற்றி வைத்திருந்தனர். அந்தக் கைப்பேசி தொலைந்து போயிற்று. மூதாட்டியாரும் மறைந்துவிட்டார். கதைகள் எஞ்சியிருந்த இடம் அந்த ஒரு கணினிதான்.

"ஐயா, மற்றவை போனால் போகட்டும்; அம்மாவின் குரலை மட்டும் எடுக்க வழி உண்டா?" என்று அவர் கேட்டார். மகள் ஒன்றும் பேசாமல் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று நாம் கையாண்ட வழியை நமது உறுப்பினர் குடும்பங்கள் அனைத்தும் அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இத்திங்கள் இப்பகுதியை எழுதுகிறோம்.

கணினியின் உள்ளே நாம் சேமித்து வைக்கும் படங்களும் கடிதங்களும் ஒரு புறம் இருக்கின்றன. கணினியை நடத்தும் இயங்குதளம் ஒரு புறம் இருக்கிறது. இரண்டும் ஹார்டு டிஸ்க் எனப்படும் ஒரே வன்தட்டில் இருப்பதால், ஒன்று பழுதானால் மற்றதும் போயிற்று என்று நாம் எண்ணிவிடுகிறோம். வீட்டின் தலைவாயிற் பூட்டு இறுகிக்கொண்டால் உள்ளே இருக்கும் பாத்திரங்கள் எல்லாம் உடைந்துவிட்டன என்று எவரும் சொல்லமாட்டார். வேறொரு வாயில் கிடைத்தால் போதும். அந்த வேறு வாயிலாகப் பயன்படுவதுதான், தட்டிலிருந்தே நேராக இயங்கக்கூடிய லினக்ஸ் என்னும் இயங்குதளம். இதனை 'லைவ் டிஸ்க்' என்று வழங்குவர்.

இதன் வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். மென்பொருளை எவரும் இயக்கவும், ஆராயவும், திருத்தவும், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கவும் உரிமை வேண்டும் என்னும் கொள்கையோடு, அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டில் 'குனு' என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சின்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டார்வால்ட்ஸ், இயங்குதளத்தின் கருவாகிய பகுதியை எழுதி வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்ததே நாம் இன்று லினக்ஸ் என்று சுருக்கமாகச் சொல்வது. ஆயினும் அதனை நிறுவுவது அக்காலத்தில் வல்லுநர் வேலையாகவே இருந்தது. 2000ஆம் ஆண்டில் ஜெர்மானியரான கிளாஸ் நாப்பர் வெளியிட்ட 'நாப்பிக்ஸ்' இவ்வழியைப் பலருக்கும் பழக்கமாக்கியது. ஏறத்தாழ 2 ஜிபி அளவுள்ள மென்பொருள்களைச் சுருக்கி 700 எம்பி குறுந்தகடு ஒன்றில் அவர் அடக்கினார். தகட்டைப் போட்டால் கணினி எழுந்து வேலை செய்யும். தகட்டை எடுத்துவிட்டால் கணினி பழைய கணினிதான். 2004ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கிய 'உபுண்டு', கேட்டவர்க்கெல்லாம் குறுந்தகடுகளைக் காசின்றி அஞ்சலில் அனுப்பி வந்தது. 2011ஆம் ஆண்டோடு அவ்வழக்கம் நின்றுபோயிற்று. நமது நாட்டிலும் சி-டாக் நிறுவனம் 2007ஆம் ஆண்டில் 'பாஸ் லினக்ஸ்' என்பதை வெளியிட்டது. அதன் சென்னை மையம் இப்பணியை மேற்கொண்டது என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

இனி அன்று நடந்ததைக் கூறுவோம். 'லினக்ஸ் மின்ட்' என்னும் வகையை நாம் தேர்ந்துகொண்டோம். காரணம் எளியது. இன்றைய உபுண்டுவின் கோப்பு மிகப் பெரியது, 4.7 ஜிபி கொள்ளும் டிவிடியில் அடங்காது. மின்ட் ஏறத்தாழ 3 ஜிபி அளவே ஆதலின் அடங்கும். அன்பரின் பழைய மடிக்கணினியில் டிவிடி செருகும் இடமும் இருந்தது.

முதல் முயற்சியில் நாமே தவறினோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். இணையத்திலிருந்து இறக்கிய கோப்பை, பாட்டுக் கோப்பைப் பதிவது போலவே டிவிடியில் பதிந்துவிட்டோம். கணினி அதனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அது கோப்பாகக் கிடக்கக்கூடாது. 'இமேஜ்' என்னும் முறையில் தட்டு முழுவதும் பரப்பி எழுதப்பட வேண்டும். பென் டிரைவில் எழுதுவோர் ரூஃபஸ், எட்சர் போன்ற கருவிகளைப் பயன்படுத்த வேண்டும். அப்பொழுது பென் டிரைவில் முன்பிருந்தவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். வேறொரு டிவிடியில் முறைப்படி எழுதி மீண்டும் முயன்றோம்.

கணினியைத் தொடங்கியவுடனே எஃப்12 என்னும் விசையை அழுத்தினால், எதிலிருந்து எழ வேண்டும் என்று சில கணினிகள் கேட்கும். சிலவற்றில் எஃப்9, சிலவற்றில் எஸ்கேப் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் விசை மாறும். டிவிடியைத் தேர்ந்தோம். தட்டு சுழலும் ஓசை கேட்டது. டிவிடி மெதுவாகவே படிக்கும். பென் டிரைவாயின் விரைவு மிகும். சில நிமிடங்கள் கழித்துத் திரையில் அமைதியான ஒரு முகப்பு தோன்றியது. அப்பொழுது இயங்கிய அனைத்தும் டிவிடியிலிருந்து ராம் எனப்படும் தற்காலிக நினைவகத்திற்கு வந்து நின்றவையே. வன்தட்டில் ஓர் எழுத்தும் எழுதப்படவில்லை.

"ஐயா, இதனால் உள்ளே இருப்பது அழிந்துவிடாதே?" என்று அன்பர் இரண்டாம் முறையாகக் கேட்டார். அவர் அச்சம் நியாயமானதே. முகப்பிலேயே 'இன்ஸ்டால்' என்றொரு படவுரு இருக்கிறது. அதனை அழுத்தி, கேட்பதற்கெல்லாம் சம்மதம் சொல்லிக்கொண்டே போனால் வன்தட்டு துடைக்கப்பட்டுவிடும். பார்ப்பதற்கு மட்டும் வந்தவர் அதன் பக்கம் போகக்கூடாது. இந்த ஓர் எச்சரிக்கையை நமது வாசகர்கள் தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

கோப்புகளைக் காட்டும் சாளரத்தைத் திறந்தோம். இடப்பக்கத்தில் வன்தட்டின் பெயர் இருந்தது. முன்பு விண்டோஸ் ஒழுங்காக அணையாததால், 'படிக்க மட்டுமே இயலும்' என்ற அறிவிப்போடு அது திறந்துகொண்டது. நமக்கு வேண்டியதும் படிப்பதுதானே! அன்பர் தம் பெயரிட்ட அடைவைக் கண்டார். அதனுள் 'அம்மா கதை' என்னும் அடைவைக் கண்டார். அதில் 42 பதிவுகள் இருந்தன. முதற் பதிவைத் தட்டினோம். மின்விசிறி ஓசையும் எங்கோ ஒரு வண்டியின் ஒலியும் கேட்டன, அவற்றின் பின்னே மெல்லிய குரல் ஒன்று, "தூங்கிட்டியா ஆத்தா?" என்று கேட்டது.

"அப்பத்தா!" என்றாள் அச்சிறுமி. அன்று அவள் நம் காதுபட உரைத்த முதற் சொல் அதுவே. தந்தையார் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாமும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

42 பதிவுகளையும் ஒரு பென் டிரைவிலும், சங்கத்தின் கணினியிலும் படியெடுத்தோம். இரண்டு பதிவுகள் திறக்கவில்லை. மற்ற 40 பதிவுகளும் குறையின்றிக் கிடைத்தன.

எல்லார்க்கும் இவ்வாறே முடியும் என்று சொல்ல நாம் துணியமாட்டோம். பிட்லாக்கர் என்னும் முறையால் பூட்டப்பட்ட வன்தட்டாயின் அதற்குரிய மீட்புத் திறவெண் வேண்டும். அஃதின்றி எத்தட்டும் உதவாது. வன்தட்டே உடலால் பழுதாகி 'டக் டக்' என்று ஓசை செய்யுமாயின், மேலும் இயக்காமல் வல்லுநரிடம் கொடுப்பதே அறிவுடைமை. ஆனால் வன்தட்டு நலமாயிருந்து, இயங்குதளம் மட்டும் கெட்டிருக்கும் நிலையில், 'அழிப்பது தவிர வழியில்லை' என்ற சொல்லை ஏற்பதற்கு முன் இச்சோதனையைச் செய்து பார்க்கலாம் அன்றோ?

இச்சோதனைக்கு மற்றொரு பயனும் உண்டு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. அடுத்ததாகிய விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும், ஓரளவு புதிய செயலியையும் வேண்டுகிறது. ஆகவே, நன்றாக உழைக்கும் கணினிகள் பல, 'பழையவை' என்ற ஒரே காரணத்தால் மூலையில் வைக்கப்படுகின்றன. நமது தமிழ் வகுப்பில் இருக்கும் மூன்று கணினிகளின் நிலையும் இதுவே. அவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதா, வேறு இயங்குதளம் இட்டுப் பயன்படுத்துவதா என்பதைச் செயற்குழு முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. முடிவு செய்யுமுன் பொருத்தம் பார்த்துக்கொள்ள இத்தட்டு இடம் தருகிறது.

எனவே மறு ஞாயிறு அதே டிவிடியை வகுப்புக் கணினி ஒன்றில் இட்டுப் பார்த்தோம். 4 ஜிபி நினைவகமுள்ள கணினி அது. இணையம் கிடைத்தது, பயர்பாக்ஸில் தமிழ்ப் பக்கங்கள் எழுத்துச் சிதையாமல் தெரிந்தன. விசைப்பலகை அமைப்பில் இந்திய வரிசையில் 'தமிழ்நெட் 99' இருந்தது; அதனைச் சேர்த்துக்கொண்டு, மாணவர் இருவர் லிப்ரே ஆபீஸில் தம் பெயரையும் சொந்த ஊரையும் தட்டெழுதினர். தில்லியிலே பிறந்த ஒரு சிறுவன், தன் ஊர் 'தில்லி' என்று எழுதுவதா, 'தென்காசி' என்று எழுதுவதா என்று கேட்டான். இரண்டையும் எழுதச் சொன்னோம்.

குறைகளும் இருந்தன. சங்கத்தின் அச்சுப்பொறி முதலில் இணங்கவில்லை. பழைய ஆண்டறிக்கைகள் பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்டவை ஆதலால், அவ்வெழுத்துரு இல்லாத இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தெரிந்தன. விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருள்களும், சில அலுவலகக் கருவிகளும் இதில் நேராக இயங்கமாட்டா. சில கணினிகளில் வைஃபை கிடைக்கத் தனி மென்பொருள் வேண்டியிருக்கும். அக்கணினியை அணைத்தவுடன் சிறுவர்கள் எழுதிய பெயர்கள் மறைந்துவிட்டன; பென் டிரைவில் சேமிக்காமல் விட்டது நம் குறை. எனினும், இவ்வளவு குறைகளையும் நாம் ஒரு கோப்பையும் இழக்காமல் அறிந்துகொண்டோம். நிறுவிவிட்ட பின் அறிந்திருந்தால் வருந்தியிருப்போம்.

காசு கொடுக்க வேண்டாம் என்பதனாலேயே இதனைப் புகழ்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டா. விண்டோஸில் பழகி, அதிலேயே தொழில் செய்பவர் அதனை விட வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. நாம் வற்புறுத்துவது ஒன்றே: வீட்டுக் கணினியில் இருப்பதை அழிக்கவோ, கணினியையே எறியவோ முடிவு செய்யுமுன், எதையும் மாற்றாத இச்சோதனைக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நம் குடும்பங்களில், பெரியவர்களின் குரலும் முகமும் பெரும்பாலும் இத்தகைய கருவிகளிலேயே தங்கியிருக்கின்றன. தட்டு ஒன்று காப்பாற்றும் என்று நம்பி இருந்துவிடலாகாது. இவ்விதழைப் படித்து முடித்தவுடன், உங்கள் வீட்டில் ஒரே இடத்தில் மட்டும் இருக்கும் பதிவு எது என்று எண்ணிப் பாருங்கள்; இன்றே அதனை மற்றோர் இடத்திலும் படியெடுத்து வையுங்கள்.

மின்ட் டிவிடியும், அதே இயங்குதளம் எழுதிய பென் டிரைவும் சங்க அலுவலறையில் வைக்கப்பட்டுள்ளன. தமிழ் வகுப்பு முடிந்தபின் கணினியைக் கொண்டுவரும் அன்பர்கட்கு உதவ ஆயத்தமாக உள்ளோம். வரும்பொழுது, படியெடுக்க ஒரு வெற்றுப் பென் டிரைவும் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம். அச்சிறுமி இப்பொழுது ஞாயிறுதோறும் ஒரு கதையைக் கேட்டு, அதனைத் தன் கையாலேயே தமிழில் எழுதிவருகிறாள். பெற்றோர் இசைவு தந்துள்ளனர். முதற் கதை அடுத்த இதழின் சிறுவர் பகுதியில் வெளிவரும்.