அளவுகோல் யார் கையில்?

ஏழை என்று யாரைச் சொல்வது? பசித்தவனைக் கேட்டால் ஒரு விடை கிடைக்கும். புள்ளிவிவரத்தைக் கேட்டால் வேறொரு விடை கிடைக்கும். இவ்விரு விடைகளுக்கும் இடையே உள்ள தூரத்தைத் தோட்டப் பாட்டாளிகளாகிய நாம் அறிந்திருக்க வேண்டும். ஏனெனில், சம்பளப் பேச்சு மேசையிலும் உதவித் திட்டப் பட்டியலிலும் இன்று எடுபடுவது கண்ணீர் அல்ல, கணக்கே.

நம் நாட்டுக் கதையையே எடுத்துக்கொள்வோம். 2016-இல் மலேசியாவின் வறுமைக் கோடு, நாட்டுச் சராசரியாக, ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த குடும்பங்கள் நூற்றுக்கு 0.4 மட்டுமே என்றார்கள். அதே ஆண்டு ஜூலை முதல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 வெள்ளி. அப்படியானால், ஒருவர் உழைப்பில் நாலு வயிறு கழுவும் குடும்பம்கூட அந்தக் கணக்கின்படி ஏழைக் குடும்பம் அல்ல. கோட்டுக்கு மேலே 20 வெள்ளி உயரத்தில் வாழும் குடும்பம்! அரிசி விலை தெரிந்த எவரும் இதை ஒப்புவரோ?

2019 ஆகஸ்டில் இங்கு வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், இந்த எண் உண்மை நிலைக்குப் பொருந்தவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 2020 ஜூலையில் அரசாங்கமும் அளவுமுறையை மாற்றியது. வயிற்றை நிரப்பினால் போதும் என்றில்லாமல் சத்துள்ள உணவுக்கு என்ன செலவாகும் என்று பார்த்தார்கள். உணவல்லாத தேவைகளையும் விரித்துச் சேர்த்தார்கள். 2019-க்கான கோடு 2,208 வெள்ளியாயிற்று. அந்தப் புதிய முறையில் 2016-ஐத் திரும்பக் கணக்கிட்டபோது வறுமை 0.4 அன்று, 7.6 விழுக்காடு! பத்தொன்பது மடங்கு! மக்கள் அதே மக்கள். வருமானம் அதே வருமானம். மாறியது அளவுகோல் ஒன்றே.

இதைக் கேட்டு, "புள்ளிவிவரமே புரட்டு" என்று சில தோழர்கள் கையை உதறுவர். அது சரியன்று. தவறான கணக்கைத் திருத்தியது இன்னொரு கணக்குத்தான் அல்லவா? குற்றம் கணிதத்தில் இல்லை. கோலை யார் பிடிக்கிறார்கள், எதை அளக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

நம் முன்னோர் பட்ட பாடும் இதுவே. 1920-களில் இந்தியக் குடிநுழைவுக் குழு, தொழிலாளியின் வீட்டுச் செலவைக் கணக்கிட்டுத்தான் நிர்ணயக் கூலி வகுத்தது. போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் ரப்பர் விலை சரிந்ததும் அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைந்தது. ரப்பர் விலை விழுந்தால் தொழிலாளியின் குடலுமா சுருங்கும்? செலவுக் கணக்கு எழுதப்பட்டது; ஆனால், எழுதிய கை நம் கையாக இல்லை.

சராசரி என்பதும் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டிய ஒன்று. ஒரு லயத்தில் பத்து வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது வீட்டில் மாதம் 2,000 வெள்ளி, ஒரு வீட்டில் 12,000 வெள்ளி. சராசரி 3,000 வெள்ளி! அந்தப் பணத்தைக் கண்ட வீடு அங்கே ஒன்றுகூட இல்லை. வருமானத்தை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பார்த்தால் 2,000 என்ற உண்மை வெளிவரும். 'இந்தியர் வருமானம்' என்று ஒரே எண்ணைக் காட்டும்போதும் இதே கதைதான். தலைநகர வழக்கறிஞரும் பால்மரம் வெட்டுபவரும் ஒரே தராசில் ஏற்றப்படுகிறார்கள். குடும்ப வருமான ஆய்வோ குடிமக்களின் வீடுகளை மட்டுமே எண்ணுகிறது. பக்கத்து நிரையில் மரம் வெட்டும் அயல்நாட்டுத் தொழிலாளி அந்த ஏட்டிலேயே இல்லை.

ஆகவே, நம் கிளைகள் செய்ய வேண்டியது என்ன? ஒவ்வொரு கிளையும் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து ஓராண்டுக்கு வரவு செலவு எழுத வேண்டும். மிகவும் கஷ்டப்படும் வீடுகளாகப் பொறுக்கி எடுத்தால் முதலாளிமார் சங்கம் ஒரே மூச்சில் தள்ளிவிடும். சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். மழையால் போன வேலைநாள், அரிசி, மருந்து, பள்ளி பஸ் செலவு, கடைக்காரரின் கடன் பாக்கி ஆகிய அனைத்தும் ஏட்டில் ஏற வேண்டும். வீட்டுப் பெண்களே இதைச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள். அவர்களைக் கேட்காத கணக்கு அரைக் கணக்கு. வீட்டாரின் பெயர் வெளியே போகாமல் காப்பது கிளைச் செயலாளரின் பொறுப்பு.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது, நல்லதே. ஆனால், 2022-க்கான வறுமைக் கோடே ஒரு குடும்பத்துக்கு 2,589 வெள்ளி. ஒருவர் மட்டும் உழைக்கும் குடும்பம் இன்னும் கோட்டுக்குக் கீழேதான். இதைச் சொல்ல நமக்கு ஆவேசப் பேச்சு தேவையில்லை, ஏடு போதும்.

கிராணி வேலை பார்க்கும் எனக்குத் தெரிந்த நியதி ஒன்று உண்டு: செக்ரோலில் ஏறாத நாளுக்குச் சம்பளம் இல்லை. நாட்டுக் கணக்கிலும் அப்படியே. ஏட்டில் ஏறாத துன்பத்துக்குத் திட்டம் இல்லை. தோழர்களே, அடுத்த கிளைக் கூட்டத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வாருங்கள்!