செயினை மட்டும் மாத்தினா போதுமா?

"பெல்ட்டுதாண்ணே அறுந்து போகும், செயின் ஆயுசுக்கும் வரும்." தேனி, இடுக்கி பக்கம் பழைய டீசல் ஜீப், பிக்கப் வச்சிருக்கிறவங்க அடிக்கிற டயலாக். சுத்தப் பேத்தல்!

டைமிங் செயின் அறுறதுக்கு முன்னாடியே தேயும். பின்னும் புஷ்ஷும் தேய்ஞ்சு செயின் நீளும், டைமிங் பின்தங்கும். காலையில ஸ்டார்ட் பண்ணும்போது எஞ்சின் முன்பக்கம் கடகடங்குதே, அதுதான் நோட்டீஸ்.

மாத்துறதுலயும் ஒரு கூத்து. காசு மிச்சம்னு செயினை மட்டும் மாத்திட்டு, பழைய ஸ்ப்ராக்கெட், டென்ஷனர், கைடை அப்படியே விட்டுடறது. தேய்ஞ்ச பல்லு புதுச் செயினையும் தின்னுடும். அப்புறம் கழட்டி மாட்டுற கூலி இன்னொரு தடவை. மார்க் வச்சு மாட்டினப்புறம் கிராங்கைக் கையால 2 முழுச் சுத்து சுத்திப் பார்க்கணும். அப்பதான் கேம் 1 சுத்து வரும். அதுக்குக்கூடப் பொறுமை கிடையாது!

செயின் பல்லு தாண்டிப்போனா வால்வு பிஸ்டன்ல இடிச்சு எஞ்சின் நின்னுடும். அது போடிமெட்டோட 17 கொண்டை ஊசி வளைவுல நடந்தா? பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் இல்லாம, சில மிதியிலயே பெடல் கல்லாயிடும். பின்னாடி உட்கார்ந்திருக்கிறது, போடியிலேர்ந்து பூப்பாறை ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போற நம்ம அக்கா தங்கச்சிங்க.

வெளிநாட்டுல நம்ம காருக்குத் தேதி தவறாம சர்வீஸ் பண்றோம். ஊர்ல தம்பி வண்டிக்குக் காசு கேட்டா மட்டும் "ஓடுற வரைக்கும் ஓட்டுடா"ன்னு சொல்றோம். முழு செட்டுக்கும் காசு அனுப்புங்க மக்களே. அந்த வண்டியில போறதும் உசுருதான்.